கோழி ஷெட்டில் ஈரமும் வாடையும்: வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 22 வருடமாகக் கறிக்கோழி வளர்க்கிறேன். ஒரு ஷெட்டில் 5000, இன்னொன்றில் 4000. எல்லாம் கம்பெனிக் குஞ்சு, கம்பெனித் தீவனம். இடமும் உழைப்பும் தண்ணீரும் நம்முடையது. வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து புதிதாக ஷெட் போட்டவர்கள் போனில் கேட்பார்கள். நேரிலும் வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒரு விஷயம் முதலிலேயே. கோழிக்கு அடியில் பரப்புவதை நாம் எல்லாரும் 'லிட்டர்' என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் அது தண்ணீர் அளக்கும் லிட்டரோடு குழம்பும். அதனால் இங்கே 'கூளம்' என்று எழுதுகிறேன்.

ஷெட்டுக்குள் போனதும் கண் எரிகிறது, மூக்கு கரிக்கிறது. இது எங்கிருந்து வருகிறது?

அது அம்மோனியா. கோழி மாட்டைப் போலத் தனியாக மூத்திரம் போவதில்லை. எச்சத்தின் மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் அதன் மூத்திரம், யூரிக் அமிலம். காய்ந்து கிடக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. அதன் மேல் ஈரம் பட்டு, சூடும் சேர்ந்தால் கூளத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். கூளம் காரத்தன்மை ஏற ஏற வாயு அதிகமாகக் கிளம்பும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7க்குக் கீழே இருந்தால் அதிகம் வராது. 8க்கு மேலே போனால் நிற்காமல் வரும்.

எச்சத்தை நாம் தடுக்க முடியாது. பாலக்காட்டு வெயிலில் சூட்டையும் தடுக்க முடியாது. நம் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான். வாடை, ஈ, ரத்தக் கழிச்சல், கால் புண், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை என்று இந்தத் தொழிலில் நாம் படும் பாட்டில் பாதிக்கு மேல் ஈரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எவ்வளவு அம்மோனியா இருந்தால் ஆபத்து?

10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு காற்றில் 10 பங்கு) இருந்தால் நல்ல ஷெட். 25ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் கோழியின் மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் செயலிழக்கும். அப்புறம் எந்தக் கிருமி வந்தாலும் நேராக உள்ளே போகும். சிஆர்டி என்ற நாள்பட்ட சளி, ஈகோலை என்ற பாக்டீரியா நோய், வெள்ளைக்கழிச்சல் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரிசை கட்டும். தடுப்பூசி சரியாகப் போட்டும் சளி நிற்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கூளத்தைப் பற்றித்தான். 50 பிபிஎம்மைத் தாண்டினால் கோழிக்குக் கண் வீங்கி நீர் வடியும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். தின்னாத கோழி எடை போடுமா?

எனக்கு வாடையே தெரியவில்லை. அப்படியென்றால் என் ஷெட் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. நான் இதில் நன்றாகப் பட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஆடி மாதம். மேல்காற்றும் சாரலும் விடாமல் அடித்ததால் மேற்குப் படுதாவை (ஷெட்டின் பக்கத் திறப்பை மூடும் திரை; இறக்கினால் திறக்கும், ஏற்றினால் மூடும்) ஆறு நாள் இறக்கவே இல்லை. நான் தினமும் நாலைந்து தடவை உள்ளே போய் வந்துகொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து மகள் வந்தவள், ஷெட் வாசலிலேயே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, "அப்பா, இதுக்குள்ள எப்படி நிக்கறீங்க? கண்ணெல்லாம் எரியுதே" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் காலையில் ஒரு கோழியைக் கையில் எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தேன். கண்ணின் ஓரத்தில் நுரை கட்டியிருந்தது. காதில் வைத்தால் தொண்டைக்குள் கொர் கொர் என்று சத்தம். அந்த பேட்ச்சில் வளர்ப்புக் கூலியில் பாதியைத்தான் பார்த்தேன்.

மூக்கு பழகிவிடும் என்பதுதான் விஷயம். தினமும் அதிலேயே நிற்பவனுக்கு 20, 30 பிபிஎம் எல்லாம் வாடையாகவே தெரியாது. அதனால் காலையில் முதல் முறை, வெளிக்காற்றில் சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே போங்கள். போனதும் குத்துக்காலிட்டு உட்காருங்கள். உங்கள் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, கோழியின் மூக்கு அரையடி உயரத்தில். வாயு கிளம்புவதோ தரையிலிருந்து. கோழி மூச்சு விடும் உயரத்தில் ஒரு நிமிடம் இருந்து பார்த்தால் உண்மை தெரியும். வெளியிலிருந்து யாராவது வந்தால் அவர்களையும் வாசலில் நிறுத்திக் கேளுங்கள். சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். முடிந்தவர்கள் அம்மோனியா மீட்டர் வாங்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விட்டாலும் போதும், ஆனால் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் முன் மருந்து தெளித்துத் துடைக்க வேண்டும்.

என் ஷெட்டில் மழை ஒழுகல் கிடையாது. ஈரம் எங்கிருந்து வருகிறது?

கோழியிடமிருந்தே வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 நாள் கோழி ஒரு நாளைக்கு 170 கிராம் அளவில் தீவனம் தின்னும். தண்ணீர் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும்; வெயில் காலத்தில் அதற்கும் மேலே. 5000 கோழிக்கு ஒரு நாளைக்கு 1700 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் கொஞ்சம் உடம்பில் சேரும். மீதி முழுவதும் எச்சமாகவும் மூச்சாகவும் ஷெட்டுக்குள்தான் வெளியே வருகிறது. தினமும் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் காற்று வெளியே சுமந்துகொண்டு போக வேண்டும். படுதாவை மூடினால் அது எங்கே போகும்?

இதற்கு மேல் நாம் சேர்ப்பது நிப்பிள் ஒழுகல். நிப்பிள் என்பது கோழி கொத்தினால் தண்ணீர் விடும் சிறு குழாய்முனை. ஷெட்டில் நிப்பிள் வரிசைக்கு நேர் கீழே மட்டும் கூளம் கறுத்து, பத்தை பத்தையாக இறுகிக் கிடந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. ஒன்று, குழாய் தாழ்வாக இருக்கும். கோழி தலையைச் சாய்த்துக் குடிக்கும்போது பாதி கீழே சிந்தும். கோழி கழுத்தை நீட்டி, அண்ணாந்து குடிக்கும் உயரத்துக்கு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது ஏற்றிக்கொண்டே வர வேண்டும். அல்லது தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருக்கும். அல்லது போர்வெல் உப்புத் தண்ணீரில் நிப்பிள் ஊசியில் காரை பிடித்து மூடாமல் நின்றிருக்கும். இந்தப் பக்கத்துப் போர்வெல்களில் உப்பு அதிகம் உள்ள இடங்கள் நிறைய இருப்பதால், பேட்ச் முடிந்ததும் குழாயை அமிலக் கரைசல் ஊற்றிக் கழுவுவதை விடாதீர்கள். பெல் டிரிங்கர் (மணி வடிவத் தண்ணீர்த் தட்டு) வைத்திருப்பவர்கள் அதன் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள்.

தீவனத்தில் உப்பு கூடினாலும் கோழி தண்ணீரை மேலும் மேலும் குடிக்கும். எச்சம் தண்ணீராகப் போகும். எல்லா ஷெட்டிலும் ஒரே நாளில் கூளம் நனைந்தால் தீவன லோடின் மேல் சந்தேகப்பட்டு சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

கூளத்தின் ஈரம் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விரலைத் திறங்கள். கொழுக்கட்டை மாதிரி அப்படியே உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், 30 சதவீதத்துக்கு மேலே. லேசாக ஒட்டி, திறந்ததும் உடைந்து உதிர்ந்தால் சரி. 20 முதல் 25 சதவீதம். பிடிபடாமல் விரலிடுக்கில் தூளாக ஓடினால் ரொம்பக் காய்ந்துவிட்டது. அந்தத் தூசியும் நுரையீரலுக்குக் கேடுதான், கோழிக்கும் நமக்கும்.

ஒரே இடத்தில் எடுக்காதீர்கள். நிப்பிளுக்குக் கீழே, தீவனத் தட்டுக்குப் பக்கத்தில், சுவரோரம், நடுவில் என்று பல இடத்தில் பாருங்கள்.

தென்னை நார்க்கழிவு போடலாமா, உமி போடலாமா?

இந்தப் பக்கம் பெரும்பாலும் நார்க்கழிவுதான். சித்தூர் தாலூகாவிலும் பொள்ளாச்சியிலும் நார் மில் இருப்பதால் பக்கத்திலேயே கிடைக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கால் பாதத்துக்கு மெத்தென்று இருக்கும். பிற்பாடு தோப்புக்கு எருவாகவும் போகும். எனக்கு உமியை விட இதுதான் பிடிக்கும்.

ஆனால் மில்லிலிருந்து வரும்போதே அது ஈரமாக வரும். அப்படியே கொட்டிப் பரப்பினால் குஞ்சு வரும் முன்பே ஈரக் கூளத்தோடுதான் தொடங்குகிறீர்கள். களத்தில் இரண்டு மூன்று நாள் வெயிலில் கிளறிக் காயவைத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிவிட்டால் காயவைக்க வெயில் கிடைக்காது. அதனால் மே மாதத்திலேயே இரண்டு பேட்ச்சுக்கு வேண்டியதைக் காயவைத்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துக்கொள்வேன். உமி தண்ணீரை அதிகம் இழுக்காது, ஆனால் சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் இரண்டையும் கலந்து போடுபவர்கள் உண்டு, நன்றாகவே இருக்கிறது. வெயில் காலத்தில் இரண்டு அங்குலம், மழைக்காலத்தில் மூன்று அங்குலம் கனம் போதும்.

இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் கிளற வேண்டும். வெயில் ஏறும் முன், காலையில். படுதாவை இறக்கிவிட்டுக் கிளறுங்கள், ஏனென்றால் அடியில் அடைபட்ட வாயு கிளறும்போது மொத்தமாக மேலே வரும். இறுகிய பத்தையை உடைத்து உள்ளேயே கலக்காதீர்கள். வாரி வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் காய்ந்த கூளத்தைப் போடுங்கள்.

ஈரமான இடத்தில் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்களே?

எல்லாரும் போடுகிறார்கள், நானும் பல வருடம் போட்டேன். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும், கிருமியையும் கொல்லும், உண்மைதான். ஆனால் அது காரம். கோழி இருக்கும்போது எச்சம் சேர்ந்த ஈரக் கூளத்தில் அதைக் கொட்டினால் பிஎச் ஏறி, அந்த நேரம் அம்மோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும். போட்ட அன்று மாலை கண் எரிந்தால் காரணம் இதுதான்.

சுண்ணாம்புக்குச் சரியான நேரம் ஷெட் காலியாக இருக்கும்போது: கழுவிய தரையில் தூவ, சுவரில் அடிக்க. கோழி உள்ளே இருக்கும்போது அம்மோனியாவை அடக்க அமிலத் தன்மையுள்ளது வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டைத் தூவிக் கிளறலாம். பின்னால் எருவில் மணிச்சத்தும் கூடும். படிகார வகையும் இதே வேலையைச் செய்யும். எதைத் தூவினாலும் கிளறிக் கலந்துவிடுங்கள், கோழி கொத்தித் தின்னும்படி மேலாகக் கிடக்கக் கூடாது. ஒழுகும் நிப்பிளை மாற்றாமல் பொடியை மட்டும் தூவுவது வீண் செலவு.

படுதாவை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது?

இது புத்தகத்தில் படித்து வராது. உங்கள் ஊர்க் காற்று தெரிந்திருக்க வேண்டும். நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30-40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்ட இடைவெளி இது. ஆனி, ஆடியில் அரபிக்கடல் காற்று இதன் வழியாகக் கிழக்கே பாய்கிறது. மழை கொழிஞ்சாம்பாறைக்கு வரும்போது குறைந்துவிடும், ஆனால் காற்று குறையாது. மார்கழி, தையில் அதே வழியில் கீழ்க்காற்று, வறண்டு வரும்.

ஷெட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் மேல்காற்று குறுகிய பக்கச் சுவரில் மோதும். சாரல் நீளப் பக்கத்தில் உள்ளே வருவது குறைவு. வெயிலும் நேராக உள்ளே விழாது. அகலம் 25, மிஞ்சினால் 30 அடிக்குள் இருந்தால்தான் இயற்கைக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். கூரைச் சரிவு சுவரைத் தாண்டி மூன்று நான்கு அடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். சாரலுக்கு அதை விட நல்ல மருந்து கிடையாது. என் பழைய ஷெட் வடக்கு தெற்காகக் கட்டியது. ஆடியில் நான் பட்ட பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

படுதாவை அடியில் கட்டி மேலிருந்து இறக்கும்படி வையுங்கள். பலர் மேலே கட்டிக் கீழிருந்து சுருட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் குளிர்காற்று நேராகக் குஞ்சின் மேல் அடிக்கும், சூடான கெட்ட காற்றோ மேலேயே தேங்கி நிற்கும். மேலே ஓர் அடி திறந்திருந்தால் வெப்பத்தோடு ஈரமும் அம்மோனியாவும் அந்த வழியாகப் போய்விடும். காற்றும் சாரலும் மேற்கிலிருந்து வந்தால் அந்தப் பக்கத்தை மூடுங்கள், எதிர்ப்பக்கத்தைத் திறந்தே வையுங்கள். எந்த மழையிலும் நாலு பக்கத்தையும் முழுக்க மூடாதீர்கள்.

குஞ்சு விட்ட முதல் வாரத்தில் சூடு வேண்டுமே? மூடாமல் எப்படி?

இந்த வாரத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. சூடு வேறு, காற்று வேறு. குஞ்சுக்கு இரண்டும் வேண்டும்.

கரி டிரம் வைத்துச் சூடு கொடுப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை கிடையாது, கண்ணும் எரியாது. மார்கழி இரவில் ஷெட்டைத் தார்ப்பாயால் முழுக்க மூடிவிட்டு உள்ளே கரி போட்டால் குஞ்சு தூங்குவது போலவே சாகும். காவலுக்குப் படுத்திருக்கும் ஆளுக்கும் அதே கதிதான். டிரம்முக்குப் புகைக்குழாய் வைத்துக் கூரைக்கு வெளியே விடுங்கள். இரவுக் காவல் ஆள் ஷெட்டுக்குள் படுக்கவே கூடாது.

முதல் வாரத்தில் பிராணவாயு குறைந்து வளர்ந்த குஞ்சுக்கு நாலைந்து வாரம் கழித்து வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பெரிய கோழியாகச் சாகும்போது அந்த வாரத்துத் தீவனத்தையும் மருந்தையும் குறை சொல்வோம். தொடங்கியது எங்கே என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

ஈசி ஷெட் போட்டால் இந்தப் பிரச்சினை எல்லாம் போய்விடுமா?

ஈசி என்றால் ஃபேன் வைத்து உள்ளே சூட்டையும் காற்றையும் கட்டுப்படுத்தும் மூடிய ஷெட். ஃபேனும் கூலிங் பேடும் சித்திரை வெயிலுக்கு நல்லது. ஆனால் வெளிக்காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய நாளில் பேடில் தண்ணீர் ஓடினால் குளிர்ச்சி வராது, கூளம்தான் நனையும். ஈசியிலும் குஞ்சுப் பருவத்தில் டைமர் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஃபேன் கொஞ்ச நேரம் ஓடியே ஆக வேண்டும். கரண்ட் பில்லை நினைத்து அதை நிறுத்துபவர்களின் ஷெட்டில் வாடை திறந்த ஷெட்டை விட மோசமாக இருக்கும். ஜெனரேட்டர் தானாக எடுக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஈ மொய்க்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பஞ்சாயத்துக்குப் போகிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். சோற்றில் ஈ உட்காரும் வீட்டில் இருப்பவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். மருந்தடித்துப் பறக்கும் ஈயைக் கொன்றாலும் அடுத்த வாரம் புது ஈ வந்துவிடும். புழு வளர ஈரமான எரு வேண்டும். கூளம் காய்ந்திருந்தால் முட்டையிட்டாலும் புழு பிழைக்காது. இங்கும் ஈரம்தான் என்று மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. நிப்பிளுக்குக் கீழே உள்ள பத்தை, ஷெட்டுக்கு வெளியே நீங்கள் வாரிப் போட்ட ஈரக் குவியல், சாக்கடை ஓரம், செத்த கோழி கிடக்கும் மூலை: இந்த நாலு இடத்தைச் சுத்தமாக வைத்தால் முக்கால்வாசி ஈ குறையும்.

கோழி பிடித்த பிறகு கூளம் வாரும் நாளைப் பக்கத்து வீடுகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காலையில் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு வாருங்கள். அந்தியில் காற்று அடங்கிய பிறகு வாரினால் வாடை எங்கும் போகாமல் தரையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் போகும். வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்றால் இரண்டு நாள் தள்ளிப் போடுவதில் என்ன நஷ்டம்? எங்கள் பக்கத்து வீட்டு அம்மா முன்பு பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக் கொடுத்தவர்தான். இப்போது வருடம் பத்து மூட்டை எரு அவர் தோட்டத்துக்குப் போகிறது.

பேட்ச் முடிந்து வரும் கூளத்தை அப்படியே தோப்புக்குப் போடலாமா?

வேண்டாம். 5000 கோழி போனால் எனக்கு 6, 7 டன் கூளம் வருகிறது. பச்சையாகக் கொட்டினால் சூட்டில் வேர் வெந்துவிடும், ஈ வரும், மழையில் கரைந்து கிணற்றுக்கும் போகும். ஆழியாற்றுத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஓரத்தில் குவிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கீழே உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் மாட்டுக்குக் காட்டுகிறார்கள்.

மட்க வைத்துப் போடுங்கள். நார்க்கழிவு தனியாக மட்காது. அதில் கார்பனும் தழைச்சத்தும் 100க்கு 1 என்ற விகிதத்தை விட மோசமாக இருக்கிறது. மட்க 25, 30க்கு 1 வேண்டும். அதனால்தான் வெறும் நார்க்கழிவை மட்க வைக்க யூரியா சேர்க்கச் சொல்வார்கள். நம் கூளத்தில் அந்த யூரியாவின் வேலையைக் கோழி எச்சமே செய்கிறது. நார்க்கழிவுக் கூளம் நன்றாக மட்குவது இதனால்தான்.

மேடான இடத்தில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, நாலைந்தடி உயரம், ஆறடி அகலத்தில் நீளவாக்கில் குவியுங்கள். கையால் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. ஷெட்டுக்குள் வேண்டாத ஈரம் இங்கே வேண்டும். இரண்டு மூன்று நாளில் உள்ளே சூடேறும். ஒரு கடப்பாறையை நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடியாமல் கை விலகினால் சரியாக வேகிறது என்று அர்த்தம். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் நோய்க் கிருமியும் ஈப் புழுவும் களை விதையும் செத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி புரட்டுங்கள். மழைக்குத் தார்ப்பாய். மூன்று மாதத்தில் வாடை போய், மழை பெய்த மண் வாசனை வரும்.

சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவுதான்; கோழி எருவில் 2, 3 சதவீதம். அதனால் 50 கிலோ தொழு உரம் வைக்கும் தென்னைக்கு இதில் 10, 12 கிலோ போதும். தூரை ஒட்டிப் போடாமல் ஐந்தடி தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணால் மூடுங்கள்.

கோழி எருவால் தென்னையில் வண்டு வருகிறது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கும் எருக் குவியலில்தான். தோப்பு ஓரத்தில் கூளத்தைக் கொட்டிவிட்டு ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், குவியல் ஆறிய பிறகு வண்டு வந்து முட்டையிடும். கிளறினால் கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் வரும். அவை வண்டாகி நம் தென்னையின் குருத்தைத்தான் துளைக்கும். விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியது போல முக்கோண வெட்டு தெரிந்தால் வண்டு வந்துவிட்டது.

புரட்டிப் புரட்டி வேகவைக்கும் குவியலில் இது நடக்காது. ஆறிய எருவில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்துவிட்டால் புழு செத்துப் பச்சையாகப் பூத்துக் கிடக்கும். பத்து நாட்டுக்கோழியைக் குவியலில் விட்டாலும் போதும், பொறுக்கித் தின்றுவிடும். ஆனால் கறிக்கோழி ஷெட்டுக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழி சுற்றக் கூடாது, நோய் வரும். எருக்குழி தள்ளி இருப்பவர்களுக்கு மட்டும் இது சரிப்படும்.

தினமும் சாகும் கோழியை என்ன செய்வது?

நாய்க்குப் போடாதீர்கள், வாய்க்காலில் எறியாதீர்கள், மீன் குளத்துக்குக் கொடுக்காதீர்கள். குழி போடுபவர்கள் மூடியோடு, நிலத்தடி நீருக்கு மேலே இருக்கும்படி போடுங்கள். அந்தக் குழிக்குள் எதற்காகவும் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே தேங்கும் வாயு ஆளைக் கொல்லும். எனக்கு எளிதாக இருப்பது மட்க வைப்பதுதான். ஓர் அடி காய்ந்த கூளம், அதன் மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் கோழி, மேலே மறுபடி கூளம், கொஞ்சம் தண்ணீர். நாய் கிளறாமல் சுற்றிலும் வலை. இரண்டு மாதத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும்.

லைசென்ஸ், அனுமதி எல்லாம் என்னென்ன வேண்டும்?

கேரளப் பக்கம் ஷெட் உள்ளவர்கள் 2012ஆம் ஆண்டுக் கால்நடைப் பண்ணை உரிம விதிகளின்படி பஞ்சாயத்தில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எருக்குழி, செத்த கோழிக்கான ஏற்பாடு எல்லாம் பார்த்துத்தான் தருவார்கள். அப்புறம், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2020 உத்தரவுக்குப் பிறகு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிகளை இறுக்கியது. முன்பு ஒரு லட்சம் கோழி என்று இருந்த வரம்பு இப்போது 5000. அதற்கு மேல் வளர்ப்பவர்கள் 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் மாநில வாரியத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். இது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். வீடு, கிணறு, ரோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதை ஷெட்டுக்குக் கல் ஊன்றும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு ஷெட்டை நகர்த்த முடியாது.

கூளம் வாரும் ஆட்களுக்கு என்ன பாதுகாப்பு?

இதை யாரும் கேட்பதில்லை, நானே சேர்க்கிறேன். கூளம் வாரும் இரண்டு நாளில் உள்ளே போகும் தூசி சாதாரணத் தூசி அல்ல. காய்ந்த எச்சம், இறகுத் துகள், கிருமி, பூஞ்சை எல்லாம் அதில் இருக்கிறது. பத்து வருடம் இந்த வேலை செய்தவர்களின் இருமலைக் கேட்டுப் பாருங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், ஆளுக்கு ஒன்று, தினமும் புதிது. அது தூசியைத் தடுக்கும், அம்மோனியாவைத் தடுக்காது. அதனால் எல்லாப் படுதாவையும் முதல் நாளே இறக்கி, காற்றோட விட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள். ரொம்பத் தூசி பறந்தால் ஸ்பிரேயரில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளவர்களை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

பறவைக் காய்ச்சல் வந்தால் எரு லாரியை நிறுத்துகிறார்கள். அப்போது என்ன செய்வது?

2014இலும் 2021இலும் ஆலப்புழையில் வந்தபோது பார்த்தோம். வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டுகளில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார்கள். கோழியும் முட்டையும் எருவும் எல்லை தாண்டாது. நிறுத்துவதும் சரிதான், எருவில் வைரஸ் பல நாள் உயிரோடு இருக்கும். அதனால் கூளம் முழுவதையும் வெளியூர் வியாபாரியை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரு பேட்ச் கூளத்தையாவது சொந்த இடத்திலேயே குவித்து மட்க வைக்க ஒரு மேடும் தார்ப்பாயும் எப்போதும் தயாராக இருக்கட்டும். மற்ற நாட்களில் வரும் எரு லாரியையும் ஷெட் வாசல்வரை விடாமல் கேட்டிலேயே நிறுத்தி, சக்கரத்துக்கு மருந்து அடித்து, நம் டிராக்டரில் கொண்டுபோய் ஏற்றுங்கள். நேற்று அந்த லாரி யாருடைய ஷெட்டில் நின்றது என்று நமக்குத் தெரியாது.